தாபரிப்புக் காசைக் கூட்டவோ குறைக்கவோ கேட்பது எப்படி: வன்னியில் இரண்டு பக்கமும் பட்ட ஒருத்தியின் குறிப்பு

2019இல் என் இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்து மாதம் 10,000 ரூபாய் என்று தாபரிப்புக் கட்டளை, அதாவது பிரிந்திருக்கிற தகப்பன் பிள்ளைகளைப் பார்க்க மாதாமாதம் காசு கட்ட வேண்டும் என்ற நீதிமன்றக் கட்டளை, கிடைத்தது. அப்போது பிள்ளைகளின் தகப்பன் மேசன் வேலை செய்தார். வேலை இருந்தால் காசு, மழை பிடித்தால் இல்லை. 2023 பங்குனியில் ஒரு கலியாண வீட்டில் வைத்துத்தான் கேள்விப்பட்டேன்: அவர் ஒரு கொம்பனியில் நிரந்தரச் சாரதியாகச் சேர்ந்து ஆறு மாதமாம். நான் விண்ணப்பம் போட்டது ஆவணித் தொடக்கத்தில். இடையில் என்ன செய்தேன்? அவருடைய சம்பளப் பட்டியலை எப்படியாவது கையில் எடுத்துவிட்டுத்தான் கோட்டுக்குப் போக வேண்டும் என்று நினைத்து, தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரிடமும் கேட்டுத் திரிந்தேன். கடைசியில் தொகை 22,000 ஆனது. ஆனால் கூடின 12,000 ரூபாயை விண்ணப்பம் போட்ட மாதத்திலிருந்துதான் கணக்கெடுத்தார்கள். சித்திரை, வைகாசி, ஆனி, ஆடி நாலு மாதமும் போனது போனதுதான். 48,000 ரூபாய்.

என் தம்பி மறுபக்கம். முல்லைத்தீவில் கடலுக்குப் போகிறவன், பிரிந்திருக்கிற தன் மகனுக்கு மாதாமாதம் கட்டுகிறவன். அவன் விட்ட பிழை என்னுடையதை விடப் பெரிது. பொலிஸ் வீட்டுக்கு வந்தது. அதைக் கீழே சொல்கிறேன். (அம்மா எங்கள் இரண்டு வழக்குக்கும் வற்றாப்பளை அம்மனிடம்தான் நேர்த்தி வைத்தவ. ஒன்றில் கூட்ட வேண்டும், மற்றதில் குறைக்க வேண்டும். அம்மனுக்கும் குழப்பமாக இருந்திருக்கும்.)

கூட்டக் கேட்கிறவருக்கும் குறைக்கக் கேட்கிறவருக்கும் வழி ஒன்றுதான். முதலில் நீங்கள் போக வேண்டிய கதவு எது என்று பார்ப்போம்.

1. கட்டளை எந்த நீதிமன்றத்தில் இருக்கிறது?

பெரும்பாலான தாபரிப்பு வழக்குகள் 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டத்தின்படி நீதவான் நீதிமன்றத்தில் நடந்தவை. அப்படியானால் தொகையை மாற்றக் கேட்பதும் அதே நீதிமன்றத்தில், அதே வழக்கு இலக்கத்தில்தான். புது வழக்கு அல்ல. நான் இப்போது இருப்பது ஒட்டுசுட்டான், கட்டளை கிடைத்த காலத்தில் இருந்தது வவுனியா. ஆகவே வழக்குக் கூப்பிடும் ஒவ்வொரு தவணைக்கும் மாங்குளம் சந்திக்கு வந்து, ஏ9 வீதியில் வருகிற பஸ்ஸைப் பிடித்து, திரும்ப வர பொழுதுபட்டுவிடும்.

விவாகரத்து வழக்கோடு சேர்த்துப் பிள்ளைக்குக் காசு தீர்க்கப்பட்டிருந்தால் அது மாவட்ட நீதிமன்றத்தின் தீர்ப்பு. மாற்றத்தையும் அங்கேதான் கேட்க வேண்டும். முஸ்லிம் திருமணச் சட்டப்படி மணந்தவர்கள் காதி நீதிமன்றத்துக்குப் போக வேண்டும்.

பொலிசில் எழுதிய இணக்கத்தை வைத்துக்கொண்டு "எனக்குக் கட்டளை இருக்கு" என்று சொல்கிறவர்களை நிறையக் கண்டிருக்கிறேன். முறைப்பாட்டுப் புத்தகத்தில் இருவரும் கையெழுத்து வைத்து "மாதம் 8,000 தருவேன்" என்று எழுதியிருப்பார்கள். அது நீதிமன்றக் கட்டளை அல்ல. அதை மாற்றவும் முடியாது, கட்டாவிட்டால் அதை வைத்துப் பிடியாணை எடுக்கவும் முடியாது. அப்படியான ஆட்கள் முதலில் தாபரிப்பு வழக்கே போட வேண்டும். பழைய கடதாசியை எறியாதீர்கள். தருவேன் என்று அவர் ஒருதரம் ஒத்துக்கொண்டார் என்று காட்ட உதவும்.

கட்டளையின் உறுதிப்படுத்தப்பட்ட பிரதி கையில் இல்லையென்றால் நீதிமன்றப் பதிவாளர் அலுவலகத்தில் எழுதிக் கேளுங்கள். வழக்கு இலக்கம் தெரியாமல் போனால் வெறுங்கையோடு திரும்புவீர்கள். எனக்கு அப்படித்தான் நடந்தது. "இலக்கம் இல்லாமல் எங்க தேடுறது தங்கச்சி?" என்று கேட்டார்கள், நியாயமான கேள்வி. இலக்கம் மறந்தவர்கள் வீட்டில் பழைய அழைப்பாணை கிடக்கிறதா என்று பாருங்கள், அதில் இருக்கும்.

2. எதை மாற்றம் என்று சொல்லலாம்?

"காசு காணாது" என்பது காரணம் அல்ல. முதல் கட்டளை போட்ட நாளுக்கும் இன்றைக்கும் இடையில் என்ன மாறியது என்று காட்ட வேண்டும். கட்டுகிறவரின் வருமானம் கூடியிருக்கலாம், குறைந்திருக்கலாம், வேலையே போயிருக்கலாம், நோய் வந்திருக்கலாம். பிள்ளையின் பக்கமும் மாறும்: அஞ்சாம் வகுப்பில் இருந்தவள் ஓ.எல். பரீட்சை வகுப்புக்கு வந்திருப்பாள், கண்ணாடி போட்டிருப்பாள், ஆஸ்துமா வந்திருக்கும்.

விலைவாசியையும் சொல்லலாம். கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டி 2022 செப்டெம்பரில் முந்திய வருடத்தைவிட 69.8 சதவீதம் ஏறியிருந்தது. 2019இல் தீர்த்த 10,000 ரூபாய் இன்று எதை வாங்கும் என்று நீதவானுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் அதை மட்டும் நம்பிப் போகாதீர்கள். விலை கட்டுகிறவருக்கும்தான் ஏறியது என்று எதிர்ப்பக்கச் சட்டத்தரணி ஒரே வரியில் முடித்துவிடுவார்.

கசப்பான விசயம் ஒன்றும் இருக்கிறது. சட்டம் தகப்பனை மட்டும் பார்ப்பதில்லை, தாய் தகப்பன் இருவரின் வருமானத்தையும் பார்க்கிறது. உங்களுக்கு ஆடைத் தொழிற்சாலையில் வேலை கிடைத்திருந்தால் அதைக் காட்டி அவர் குறைக்கக் கேட்கலாம். நீங்களே போய்க் கூட்டக் கேட்கும்போது உங்கள் வருமானமும் மேசைக்கு வரும். மறைக்காதீர்கள். நான் தையல் மெசினில் மாதம் 12,000 வரை உழைக்கிறேன் என்று சத்தியக் கடதாசியில் (உண்மை என்று சத்தியம் செய்து கையெழுத்து வைக்கிற கடதாசி) நானே எழுதினேன். பிறகு அவர் பக்கம் அதைப் பெரிதாக எடுத்து விட்டபோது சொல்ல அவர்களுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

அவர் மறுமணம் செய்துவிட்டார், புதுக் குடும்பம் இருக்கிறது என்றால்? உங்கள் பிள்ளையின் பங்கு அதனால் தானாக இல்லாமல் போகாது. ஆனால் அதையும் ஒரு சூழ்நிலையாக வைத்து வாதாடுவார்கள். எதிர்பார்த்துப் போங்கள்.

3. இன்றைக்கே போடுங்கள், ஆதாரத்தைப் பிறகு சேருங்கள்

என்னுடைய 48,000 ரூபாய் போனது இந்தப் படியில். முதலில் நான் போன சட்டத்தரணி 5,000 வாங்கிக்கொண்டு "சம்பளப் பட்டியலோட வாங்கோ" என்று அனுப்பினார். நான் எங்கே போவேன் அவருடைய சம்பளப் பட்டியலுக்கு? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம் என்று ஒருவர் சொன்னார். அந்தச் சட்டம் இன்னொருவரின் அந்தரங்க விவரத்தை எடுத்துத் தருவதற்கு இல்லை. மாறாக, விண்ணப்பம் போட்ட பிறகு அவரின் தொழில் தருநரை அழைத்துச் சம்பள விவரத்தை ஒப்படைக்கச் சொல்லும்படி நீதிமன்றத்திடமே கேட்கலாம். இதை ஆறு மாதம் முன்னே தெரிந்திருந்தால் இந்தக் கட்டுரையே எழுதியிருக்க மாட்டேன்.

விண்ணப்பத்துக்குத் தேவையானவை:

— பழைய கட்டளையின் உறுதிப்படுத்தப்பட்ட பிரதி
— உங்கள் அடையாள அட்டைப் பிரதி
— பிள்ளைகளின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்கள்
— என்ன மாறியது என்று சொல்லும் சத்தியக் கடதாசி, சமாதான நீதவான் முன் கையெழுத்து வைத்தது
— எதிராளியின் இப்போதைய வீட்டு முகவரி, வேலையிட முகவரி

பிறப்பு அத்தாட்சி எங்கள் பக்கத்தில் தனிக் கதை. என் மூத்தவள் 2009 மாசியில் பிறந்தவள். அவளுடைய பிறப்பைக் காலங்கடந்துதான் பதிந்தோம். பத்திரத்தில் தகப்பனின் பெயரில் ஒரு எழுத்துப் பிழை இருந்தது. கட்டளையில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் ஒரு எழுத்து. இப்படி இருந்தால் இரண்டும் ஒருவர்தான் என்று சத்தியக் கடதாசியிலேயே ஒரு பந்தி எழுதிவிடுங்கள். எதிர்ப்பக்கம் அதைப் பிடித்துக்கொண்டால் ஒரு தவணை வீணாகும். பிரதி தொலைந்தவர்கள் பிரதேச செயலகத்தில் எடுக்கலாம்.

சத்தியக் கடதாசியில் "அவர் இப்போது நன்றாக உழைக்கிறார்" என்று பொதுவாக எழுதாதீர்கள். "2022 புரட்டாதி அளவில் இன்ன ஊரில் இன்ன நிறுவனத்தில் நிரந்தரச் சாரதியாகச் சேர்ந்துள்ளார் என அறிகிறேன், அவரின் சம்பள விவரத்தை நிறுவனத்திடமிருந்து அழைப்பிக்குமாறு கேட்கிறேன்" என்று எழுதுங்கள். கடைசியில், புதிய தொகையை விண்ணப்பத் திகதியிலிருந்து தருமாறு கேட்கும் வரியைக் கட்டாயம் சேருங்கள். கேட்காததைத் தருவார்கள் என்று இருக்காதீர்கள்.

செலவு: முத்திரைக் கட்டணம் என்று நீதிமன்றத்தில் எனக்கு எதுவும் வரவில்லை. தட்டச்சுக்கும் கொப்பிக்கும் 1,500 அளவில் போனது. எல்லாவற்றிலும் மூன்று பிரதி எடுங்கள்.

சட்டத்தரணி இல்லாமலும் நீங்களே நிற்கலாம். ஆனால் எதிர்ப்பக்கம் ஒருவரை வைத்திருந்தால் தனியே நிற்பது கடினம். சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையத்தில் கேளுங்கள். வருமானம் குறைந்தவர்களுக்கு அங்கே சட்டத்தரணியை ஒழுங்கு செய்து தருவார்கள். கிராம அலுவலரிடம் வருமானத்தைக் குறிப்பிட்ட கடிதம் எடுத்துக்கொண்டு போக வேண்டும். கிராம அலுவலர் அலுவலகத்தில் இருக்கும் நாளைக் கேட்டுவிட்டுப் போங்கள். மற்ற நாட்களில் அவர் வெளிக்களத்தில் திரிவார். எனக்கு ஆணைக்குழுவில் கிடைத்த சட்டத்தரணி மிஸ்தான் முழு வழக்கையும் பேசினவ.

எங்கே தொடங்குவது என்றே தெரியாவிட்டால் பிரதேச செயலகத்தில் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் போங்கள், பிள்ளை சம்பந்தமாகச் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரும் இருக்கிறார். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938, சிறுவர்களுக்கு 1929.

4. வருமானத்தை எப்படி நிறுவுவது

சம்பளக்காரர் என்றால் வேலை பாதி சுலபம். ஆனால் முதலில் வருவது நிறுவனத்தின் ஒரு வரிக் கடிதமாக இருக்கும்: "அடிப்படைச் சம்பளம் 42,000 ரூபாய்." என் வழக்கில் அப்படித்தான் வந்தது. அடிப்படைச் சம்பளம் வருமானம் அல்ல. கொடுப்பனவுகள், மேலதிக நேரம், படிகள் எல்லாம் அதற்கு வெளியே இருக்கும். குறைந்தது ஆறு மாதச் சம்பளப் பட்டியலையும் சம்பளம் விழும் வங்கிக் கணக்கின் கூற்றையும் அழைப்பிக்கச் சொல்லுங்கள்.

பட்டியல் வந்ததும் ஊழியர் சேமலாப நிதிக்குக் கழித்த தொகையைத் தேடுங்கள். தொழிலாளியிடம் கழிப்பது 8 சதவீதம், தொழில் தருநர் போடுவது 12 சதவீதம். அவரின் பட்டியலில் கழித்திருந்தது 4,800. அதை 8ஆல் பிரித்து நூறால் பெருக்குங்கள்: 60,000. கடிதத்தில் 42,000 என்று சொன்னவர்களின் சொந்தக் கணக்கே 60,000 என்று சொன்னது. மேலதிக நேரக் காசு இந்த 8 சதவீதத்துக்குள் வராது, ஆகவே கையில் வந்தது அதைவிடவும் கூட. இந்தக் கணக்கை மிஸ் நீதவானுக்குச் சொன்ன நேரம் எதிர்ப்பக்கம் கடதாசி புரட்டத் தொடங்கியது.

"கழிவெல்லாம் போய் வீட்டுக்கு 31,000தான் கொண்டுபோறன்" என்று அடுத்துச் சொல்வார்கள். என்ன கழிவு என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். சேமலாப நிதி கட்டாயக் கழிவு. மோட்டார் சைக்கிள் லீசிங், கூட்டுறவுக் கடன், அரச ஊழியர் என்றால் இடர் கடன் எல்லாம் அவர் தானாக எடுத்தவை. அவற்றைப் பிள்ளையின் பங்குக்கு முன்னால் வைக்க வேண்டாம் என்று கேட்க உங்களுக்கு இடமிருக்கிறது.

கொழும்பில் தலைமை அலுவலகம் உள்ள நிறுவனம் என்றால் கடிதம் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ வரலாம். எங்கள் மாகாணத்தில் வழக்கு தமிழில் நடப்பதால் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் மொழிபெயர்க்கச் சொன்னார்கள். எனக்குப் பக்கத்துக்கு 1,000 ரூபாய் போனது, ஒரு கிழமையும் போனது. தவணைக்கு முதல் நாள் கொண்டு ஓடாதீர்கள்.

கமக்காரர் என்றால் நிலைமை வேறு. சம்பளப் பட்டியல் கிடையாது, ஆனால் தடயம் உண்டு. எத்தனை ஏக்கர் செய்கிறார் என்பது கமநல சேவை நிலையத்தில் பதிவில் இருக்கும். உர மானியமும் அந்தப் பதிவை வைத்துத்தான் வருகிறது. நெல் சந்தைப்படுத்தும் சபைக்கு நெல் கொடுத்திருந்தால் காசு வங்கிக்கு வந்திருக்கும். யானையோ வெள்ளமோ அழித்தது என்று அவர் சொன்னால், பயிர் அழிவுக்கு கமத்தொழில் காப்புறுதிச் சபைக்கு விண்ணப்பித்தாரா என்று கேளுங்கள். உண்மையில் அழிந்திருந்தால் அந்தக் கடதாசி அவருக்குத்தான் உதவும்.

கமக்காரரின் வருமானத்தை மாதம் பார்த்துப் பேசக் கூடாது. காலபோகம் வெட்டிய பங்குனியில் பார்த்தால் அவர் பணக்காரர், விதைப்புக்குக் கடன் வாங்குகிற ஐப்பசியில் பார்த்தால் பிச்சைக்காரர். காலபோகம், சிறுபோகம் இரண்டையும் கூட்டி, உழவு, உரம், எண்ணெய், வெட்டுக்கூலி கழித்து, பன்னிரண்டால் பிரித்து எழுதுங்கள். நீர் கிடைக்காமல் சிறுபோகம் செய்யாத வருடம் என்றால் அதையும் நேர்மையாக எழுதுங்கள். எதிர்ப்பக்கம் சொல்லி வெளியே வந்தால் உங்கள் மற்றக் கணக்கும் பொய்யாகத் தெரியும்.

கூலி வேலைக்காரர், மேசன், மெசின் ஓட்டுகிறவர் போன்றோருக்குத் தடயம் குறைவு. என்ன நாட்கூலி என்று அதே வேலை செய்கிற ஒருவரைச் சாட்சிக்குக் கூப்பிடலாம். சொந்தக்காரர் வேண்டாம்.

முகநூல் படம் கொண்டுபோகலாமா என்று பலரும் கேட்கிறார்கள். புது மோட்டார் சைக்கிளுக்கு மாலை போட்ட படத்தை நானும் கொண்டுபோனேன். "வாகனம் ஆற்ற பேரில எண்டு தெரியுமோ?" என்று மிஸ் கேட்டா. தெரியவில்லை. படம் பையிலேயே இருந்தது.

5. பிள்ளையின் செலவு

வருமானத்தைத் துரத்துகிற அவசரத்தில் பலரும் இதை விட்டுவிடுவார்கள். நீதவான் என்னிடம் கேட்ட முதல் கேள்வியே "இரண்டு பிள்ளைக்கும் மாதம் என்ன செலவு?" என்பதுதான். நான் "நாற்பது அம்பது வரும்" என்றேன். அப்படிச் சொல்லக் கூடாது.

ஒரு கொப்பி வாங்கி மூன்று மாதம் எழுதுங்கள். சாப்பாட்டில் பிள்ளைகளின் பங்கு, ரியூசன், பாடசாலை வான் அல்லது பஸ் சீசன், கொப்பி பேனை, சப்பாத்து, மருந்து, மின்சாரத்தில் ஒரு பங்கு. பாடநூலும் சீருடைத் துணியும் அரசாங்கம் தருவதால் அவற்றை எழுதாதீர்கள், எழுதினால் முழுக் கணக்கிலும் சந்தேகம் வரும். தைத்த கூலியை எழுதலாம். ரியூசன் மாஸ்டர் ரசீது தரமாட்டார். மாதம் எவ்வளவு என்று ஒரு துண்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். மருந்தகத்தில் பில் கேட்டால் தருவார்கள், நாங்கள்தான் கேட்பதில்லை. அஸ்வெசும என்கிற அரசாங்க உதவிக் காசு கிடைக்கிறதென்றால் அதையும் எழுதுங்கள்.

என் கணக்கு 34,500 வந்தது. 30,000 கேட்டேன். கிடைத்தது 22,000. கணக்கு இல்லாமல் போயிருந்தால் 15,000த்தோடு நின்றிருக்கும் என்பது என் எண்ணம்.

6. தவணைகள்

எனக்கு ஐந்து தவணை, எட்டு மாதக் கணக்கு: ஆவணியில் போட்டு 2024 பங்குனியில் முடிந்தது. அதில் முதல் தவணை வீணாகப் போனது. அழைப்பாணை அவருடைய பழைய முகவரிக்குப் போய்த் திரும்பியிருந்தது. இரண்டாம் தரம் வேலையிட முகவரிக்கு அனுப்பச் சொன்னேன், சேர்ந்தது. முதலிலேயே இரண்டு முகவரியையும் கொடுத்திருந்தால் இரண்டு மாதம் மிஞ்சியிருக்கும்.

காலை ஒன்பதுக்கு முன் நீதிமன்ற வளவில் நில்லுங்கள். முதலியார் என்கிற நீதிமன்ற உத்தியோகத்தர் வழக்கு இலக்கத்தையும் பெயரையும் கூப்பிடும்போது நீங்கள் தேத்தண்ணிக் கடையில் இருந்தால் விண்ணப்பம் தள்ளுபடியாகிவிடலாம். போனை அணைத்து வையுங்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள், கேட்டால் மட்டும் கொண்டுபோங்கள். ஒவ்வொரு தவணை முடிவிலும் அடுத்த திகதியை உங்கள் கையால் எழுதி வையுங்கள். பஸ், சாப்பாடு, தைக்காமல் போன நாள் எல்லாம் சேர்த்து ஒரு தவணைக்கு எனக்கு 2,500 மட்டில் போனது.

வழக்கு நடக்கும் காலத்தில் பழைய தொகை நிற்காது. அவர் கட்டத்தான் வேண்டும், நீங்கள் எடுக்கத்தான் வேண்டும். "வழக்குப் போட்டிட்டாய்தானே, முடியட்டும் தாறன்" என்பதை ஏற்காதீர்கள், அடுத்த தவணையிலேயே சொல்லுங்கள்.

இடையில் சமாதானத்துக்கு வருவார்கள். எனக்கும் தூது வந்தது: "கோட்டுக்கு வெளியால 18,000 தாறன், வழக்கை எடு." தொகை சரியென்று பட்டால் ஒத்துக்கொள்ளலாம், தவறில்லை, ஆனால் அந்த இணக்கத்தை நீதவான் முன் சொல்லி வழக்கேட்டில் பதியச் செய்யுங்கள். வெளியே பேசிய தொகைக்குப் பிடியாணை கிடையாது.

7. கட்டுகிறவர்களுக்கு: வருமானம் விழுந்தால்

தம்பியின் கட்டளை மாதம் 8,000. 2022 ஆவணியில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே நாளில் 340 ஆனது. அதற்கு முன்னேயே எண்ணெய் கிடைக்காமல் படகு கரையில் கிடந்தது. அவன் செய்தது, கட்டுவதை நிறுத்தினது. "உழைப்பில்லை, எல்லாருக்கும் தெரியும்தானே" என்றான். எல்லோருக்கும் தெரியும். வழக்கேட்டுக்குத் தெரியாது. ஐந்து மாதத்தில் 40,000 நிலுவை, பிடியாணை, விடிய ஐந்தரைக்கு வாசலில் பொலிஸ். கட்டாத ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை மறியலில், அதாவது சிறையில், போட நீதவானுக்கு அதிகாரம் இருக்கிறது. அவன் தப்பினது நிலுவையைத் தவணை முறையில் கட்ட ஒத்துக்கொண்டதால்.

வருமானம் விழுந்த மாதமே குறைக்கக் கேட்டு விண்ணப்பம் போடுங்கள். அதுவரை முழுத் தொகை முடியாவிட்டால் முடிந்ததைக் கட்டி ரசீது எடுங்கள். இரண்டாயிரம் கட்டியவனையும் ஒன்றுமே கட்டாதவனையும் நீதவான் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை. பிள்ளையின் தாயிடம் கையில் கொடுக்காதீர்கள். கொடுத்தால் கையெழுத்து வாங்குங்கள். சப்பாத்து வாங்கிக் கொடுத்தேன், பிறந்தநாளுக்குக் கேக் கொண்டுபோனேன் என்பதெல்லாம் தாபரிப்பில் கழியாது.

பிறகு தம்பி ஒழுங்காக விண்ணப்பம் போட்டபோது உதவியவை: கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தின் கடிதம், மீன் வாங்கும் சம்மாட்டியின் துண்டுகள், படகு எஞ்சின் திருத்திய பில். வாடைக்காற்றுக் காலத்தில் எத்தனை நாள் கடலுக்குப் போக முடிவதில்லை என்பதையும் சங்கக் கடிதத்தில் எழுதுவித்தான். 6,000 ஆகக் குறைந்தது. அவன் 4,000 கேட்டிருந்தான். மகனுக்குச் சாப்பாடு குறையவில்லையே என்று நீதவான் கேட்டதாகச் சொன்னான். அன்று வீட்டில் நான் அவனோடு அதிகம் கதைக்கவில்லை. நான் எந்தப் பக்கம் நிற்பது?

வேலையை வேண்டுமென்றே விட்டுவிட்டு வருமானம் இல்லை என்று வருகிறவர்களும் இருக்கிறார்கள். உழைக்கக்கூடிய உடம்பு இருக்கிறதா என்று நீதிமன்றம் பார்க்கும். நோய் என்றால் அரசாங்க ஆஸ்பத்திரி வைத்திய அறிக்கை வேண்டும்.

8. புதிய கட்டளை கிடைத்த பிறகு

உறுதிப்படுத்தப்பட்ட பிரதியை அன்றைக்கே விண்ணப்பியுங்கள். கூடின தொகையின் பழைய மாதப் பாக்கி எப்படிக் கட்டப்படும் என்று கட்டளையில் தெளிவாக இருக்கிறதா பாருங்கள். எனக்கு எட்டு மாதப் பாக்கி 96,000. பத்துத் தவணையாக, மாதம் 9,600 சேர்த்துக் கட்டச் சொன்னார்கள். மாதச் சம்பளக்காரர் கட்டாமல் இழுத்தால், சம்பளத்திலேயே கழித்து அனுப்பும்படி தொழில் தருநருக்குக் கட்டளை கேட்கலாம். அவர் வெளிநாடு போக ஆயத்தம் என்று கேள்விப்பட்டால் அதையும் பொறுத்திருக்காமல் சட்டத்தரணியிடம் சொல்லுங்கள்.

தீர்ப்பில் திருப்தி இல்லாவிட்டால் மாகாண மேல் நீதிமன்றத்துக்கு மேன்முறையீடு உண்டு. அதற்கான நாட்கள் குறைவு, ஆகவே தீர்ப்பு வந்த அன்றே சட்டத்தரணியிடம் கேட்டுவிடுங்கள். அவர் மேன்முறையீடு செய்தார் என்பதற்காக மட்டும் கட்டுவது நிற்காது, மேல் நீதிமன்றம் நிறுத்தச் சொன்னால்தான் நிற்கும்.

பிள்ளைக்கு 18 வயதாகும் நாளையும் நாட்காட்டியில் குறியுங்கள். பிள்ளை என்ற பெயரில் கிடைத்த தாபரிப்பு 18 வயது வரைக்கும்தான். அதற்குப் பிறகும் தன்னைத் தானே பார்த்துக்கொள்ள முடியாமல் படிக்கிற பிள்ளை என்றால், 25 வயது வரை வயதுவந்த பிள்ளை என்ற வகையில் கேட்கலாம். அதற்குத் தனி விண்ணப்பம் வேண்டும். மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கு இந்த வயதுக் கட்டு இல்லை. என் மூத்தவளுக்கு 2027 மாசியில் 18. பாடசாலைக் கடிதத்துக்கும் ரியூசன் துண்டுகளுக்கும் 2026 கார்த்திகையிலேயே அலையத் தொடங்குவேன். புதுக் கொப்பி இப்போதே வாங்கி வைத்திருக்கிறேன்.